பெருமாள் அண்ணனின் பகல் தூக்கமும் ஒரு கிட்டாரும்

நான் ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. கேள்விகள்தான் இன்னும் ஓய்வு பெறவில்லை. கண்டியில் நான் வேலை பார்த்த இசைக்கருவிக் கடையில் இப்போது நிற்கிற பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு தடவையாவது தொலைபேசியில் கூப்பிடுவார்கள். வீட்டில் மெதுவாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்க வேண்டும் என்று ஒருவர் வந்திருக்கிறார், எத்தனை வாட்ஸ் அம்ப் கொடுக்கட்டும் என்று கேட்பார்கள். அம்ப் என்பது கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கித் தருகிற ஸ்பீக்கர் பெட்டி. வாட்ஸ் அதன் வலு. இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வேலையில் இருந்தபோது அடக்கிக்கொள்வேன். இப்போது எதற்கு அடக்க வேண்டும்? பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் என்னைக் கூப்பிடு என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன்.

போன மாதம் கடையில் ஒரு தொடுதிரை வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் வந்து அதில் விரலால் தட்டிப் பதில் சொன்னால், எந்தச் சாமான் வாங்கலாம் என்று அதுவே சொல்லிவிடுமாம். நான் வந்து சரிபார்த்துத் தர வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். பதினொரு கேள்வி இருந்தது. எந்த மாதிரி இசை பிடிக்கும், அறை எவ்வளவு பெரியது, எத்தனை வருடமாக வாசிக்கிறீர்கள், எல்லாம் கேட்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று ஒரு கேள்விகூட இல்லை. நான் சிரித்ததைப் பார்த்து, ‘அப்ப நீங்களே எழுதித் தாங்க சார்’ என்றார்கள். எழுதுகிறேன். பட்டியலாக எழுத எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். பத்தொன்பது வயதில் கண்டிக்கு வந்து அந்தக் கடையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் தூசு தட்டினேன், கிட்டாருக்குக் கம்பி மாற்றினேன். அடுத்த மூன்று வருடம் பழுதான அம்ப்களைத் திறந்து ஈயம் வைத்தேன். அதற்குப் பிறகுதான் வாடிக்கையாளர் முன்னால் நிற்க விட்டார்கள். படித்த கதை அவ்வளவுதான்.

கடை ரவூஃப் ஹாஜியாருடையது. ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளை மைக் குப்பி. எழுத்துப் பிழையை மறைக்கப் பூசுவார்களே, அந்த மை. அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், நாங்கள் கிட்டப் போய்க் குனிந்து கேட்க வேண்டியிருக்கும். கிட்டார் வாங்க யார் வந்தாலும், எந்தப் பெரிய மனிதராக இருந்தாலும், கதிரையில் உட்கார வைத்து ஒரே கேள்விதான் கேட்பார்.

"எந்த கிட்டார் எண்டு பொறகு பாப்பம். ஒங்கட ஊட்டுக்கு அடுத்த ஊட்டுல யாரு ஈக்காங்க?"

பலருக்கு இது புரியாது. பொலிஸ் விசாரணையா என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். புரிந்தவர்களை ஹாஜியார் கடையின் பின் அறைக்குக் கூட்டிப்போவார். அந்த அறையை ஒரு பலகைத் தடுப்பு இரண்டாகப் பிரித்திருந்தது. வாடிக்கையாளர் ஒரு பக்கம் அம்ப்போடு உட்கார்ந்து, வீட்டில் வாசிப்பது போலவே வாசிக்க வேண்டும். மறுபக்கம் ஹாஜியார் ஒரு பிளேன்டீயும் அன்றைய பேப்பருமாக உட்காருவார். மரண அறிவித்தல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவார். ஒரு வரியை இரண்டாம் தடவை வாசிக்க வேண்டி வந்தால் பலகையில் ஒரு தட்டு. இந்தப் பக்கம் இருப்பவர் சத்தத்தைக் குறைப்பார். மறுபடி தட்டு, மறுபடி குறைப்பு. தட்டு நின்று, பேப்பர் புரளும் ஓசை ஒழுங்காகக் கேட்கத் தொடங்கியதும் ஹாஜியார் எழுந்து வருவார். அம்ப்பின் குமிழ் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் வெள்ளை மையால் ஒரு புள்ளி வைப்பார். இந்தப் புள்ளிக்கு மேலே போகாதீங்க என்று மட்டும் சொல்லிக் கொடுத்தனுப்புவார். அந்தப் புள்ளியில் வைத்தும் சத்தம் அழகாக இருந்தால்தான் அந்த அம்ப்பை விற்பார். இல்லாவிட்டால் வேறு அம்ப். நான் பார்க்க, ஒருவருக்கு ஒன்பது அம்ப் மாற்றி, பேப்பரில் விளம்பரம் வரைக்கும் வாசித்து முடித்தார்.

எனக்கு அப்போது இதெல்லாம் வெறும் பிடிவாதமாகத் தெரிந்தது. சின்ன அம்ப் கொடுத்தால் சின்னச் சத்தம், இதற்கு எதற்குப் பேப்பர் என்று நினைத்தேன். ஹாஜியார் ஊரில் இல்லாத ஒரு நாள், பிலிமத்தலாவையில் இருந்து வந்த ஒரு வங்கி ஊழியருக்கு, பலகையும் இல்லாமல் புள்ளியும் இல்லாமல், பழைய ரேடியோ போலக் கண்ணாடிக் குழாய் வைத்த ஐந்து வாட்ஸ் வால்வு அம்ப் ஒன்றை விற்றுவிட்டேன். மூன்றாம் நாள் அவர் அம்ப்பையும் தூக்கிக்கொண்டு, கூடவே பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். இருவரும் ஒரே குரலில் என்னைத் திட்டினார்கள். அந்த அம்ப்பாவது அவர்களை ஒற்றுமையாக்கியது.

ஹாஜியார் என்னைப் பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்துப் பேப்பரைக் கையில் கொடுத்தார். தானே அந்தச் சின்ன அம்ப்பை இயக்கி வாசித்தார். என்னால் தலைப்பைக்கூட வாசிக்க முடியவில்லை. பிறகு வால்வு இல்லாத நாற்பது வாட்ஸ் பெட்டி ஒன்றைப் புள்ளியில் வைத்து வாசித்தார். அரைப் பக்கம் நிம்மதியாகப் படித்தேன். வாட்ஸ் பாதியானால் காதுக்குப் பாதிச் சத்தம் ஆகாது, கொஞ்சம்தான் குறையும். அதோடு வால்வு அம்ப்புக்கு ஒரு குணம், கூட்டி வைத்தால்தான் இனிக்கும். குறைத்தால் சவசவ என்று இருக்கும், வாசிப்பவர் தாங்காமல் கூட்டிவிடுவார். எனக்குக் காது சுட்டது.

அதற்குப் பிறகு நான் விட்டேனா? பலகைத் தட்டில் ஹாஜியாரையே மிஞ்சினேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். கலகெதரையில் ஒரு கணித ஆசிரியர், நல்ல வாசிப்பு. வீட்டில் தொல்லை வேண்டாம் என்று புளூடூத் ஹெட்போன் போட்டு வாசிக்கத் தொடங்கியவர், ஆறே மாதத்தில் விரலுக்கு ஏதோ வாதம் வந்துவிட்டது, தாளத்தில் நிற்க முடியவில்லை என்று மருத்துவரிடம் போய் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கிட்டாரை விற்கத்தான் கடைக்கு வந்தார். வயர் உள்ள ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டு இப்போது வாசியுங்கள் என்றேன். ஒரு பாட்டு முடிவதற்குள் முகம் மாறிவிட்டது. புளூடூத்தில் சத்தம் ஒரு இமைப்பொழுது பிந்தித்தான் காதுக்கு வரும். பாவம், தன் விரலைச் சந்தேகப்பட்டிருக்கிறார். எண்ணெய்க் குப்பியை எங்கள் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

இப்படி வெற்றி மேல் வெற்றியாகத் தலை கனத்திருந்த நேரத்தில்தான் புவனா வந்தாள். அது கப்பலில் புதுச் சாமான் வராத காலம். கடை அலுமாரிகள் பாதி காலி. இருப்பதை வைத்துத்தான் சமாளித்தோம்.

புவனா மடுல்கெல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. இருபத்தாறு வயது இருக்கும். வெளிநாடு போன அண்ணன் விட்டுப்போன கிட்டாரில், போனைப் பார்த்தே வாசிக்கப் பழகியவள். கண்டியில் ஒரு ஹோட்டல் இசைக்குழுவுக்குக் கிட்டார் வாசிக்க ஆள் தேவைப்பட்டது. குழுத் தலைவர் அவள் வாசிப்பைக் கேட்டு, கையில் ஏதோ இருக்கிறது, சுத்தம் போதாது என்றிருக்கிறார். இருபது பாட்டின் பட்டியலைக் கொடுத்து, ஆறு வாரம் கழித்து வா, இருபதும் சுத்தமாக வந்தால் இடம் உனக்கு என்று சொல்லியிருக்கிறார். அந்த இடம் கிடைத்தால் அவள் அம்மாவோடு கண்டிக்கே வந்துவிடலாம். அம்மா பக்கவாதத்தில் படுக்கையில். கண்டியில் இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் கிழமைக்கு இரண்டு நாள் உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிப்போகலாம். தோட்டத்தில் இருந்து அதற்கு வழியே இல்லை.

புவனாவுக்கு நேரம் கிடைப்பது பகல் பன்னிரண்டு மணிக்கு முன்பள்ளி முடிந்து நாலு மணி வரைக்கும்தான். அதே நேரம்தான் பக்கத்துக் காம்பிராவில் பெருமாள் அண்ணன் தூங்குகிற நேரம். லயத்தில் ஒரு குடும்பம் இருக்கிற அறையைத்தான் காம்பிரா என்போம். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற ரோலர் இயந்திரத்தில் இரவு வேலை. ஏற்கெனவே அவரோடு வேலை செய்த ஒருவர் தூக்கக் கலக்கத்தில் ரோலரில் கையைப் பறிகொடுத்துவிட்டார். அதனால் பெருமாள் அண்ணனுக்குப் பகல் தூக்கம் விளையாட்டுக் காரியம் இல்லை.

இதையெல்லாம் புவனா ஹாஜியாரின் கேள்விக்குப் பதிலாக ஒழுங்காகச் சொன்னாள். அவளைப் பின் அறைக்குக் கூட்டிப்போனது நான். பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, தட்டித் தட்டிக் குறைத்து, ஒரு சின்ன ஸ்பீக்கர் அம்ப்பில் புள்ளி வைத்துக் கொடுத்தேன். பேப்பரில் நாலு பக்கம் முடித்திருந்தேன். அவ்வளவு நிச்சயம்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தாள். கண் வீங்கியிருந்தது. முதல் நாளே பெருமாள் அண்ணன் எழுந்து வந்து கும்பிட்டுக் கேட்டிருக்கிறார். மூன்றாம் நாள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் போய்விட்டார். தலைவர் இருவரையும் கூப்பிட்டு வைத்துத் தீர்ப்புச் சொன்னார். இனிப் பகலில் அந்தக் காம்பிராவில் இருந்து ஒரு சத்தம் வந்து பெருமாள் புகார் சொன்னால், கிட்டார் தலைவர் வீட்டு அலுமாரிக்குப் போகும். புவனாவும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

எனக்கு நம்ப முடியவில்லை. புள்ளிக்கு மேலே போனாயா என்று அவளையே அதட்டினேன். புள்ளிக்குக் கீழேதான் வைத்தேன் என்றாள். ஹாஜியார் மெதுவாக, மிக மெதுவாக, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க பொறந்த எடம் தானே சிவா? அங்க செவரு எதுவரைக்கும் போகுது?"

எனக்கு உடம்பு கூசியது. லயத்துக் காம்பிராக்களுக்கு நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே திறந்திருக்கும், மொத்த லயத்துக்கும் ஒரே தகரக் கூரை. ஒரு காம்பிராவில் கருவாடு பொரித்தால் பத்துக் காம்பிராவுக்கும் தெரியும். அங்கேயே பிறந்து வளர்ந்தவன், டவுனில் முப்பத்தைந்து வருடம் இருந்ததில் சுவர் என்றால் கூரை வரைக்கும் போகும் என்று நினைக்கப் பழகிவிட்டேன். பலகைத் தடுப்பு எங்கள் கடைக் கூரையைத் தொட்டது. அதை வைத்து அவளுக்குப் புள்ளி வைத்தேன். ஒரு அந்நியன் செய்தால் மன்னிக்கலாம், நான் செய்யலாமா? அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

ஸ்பீக்கர் இனி ஆகாது. உள்ளங்கையளவு ஒரு பெட்டி கடையில் இருந்தது. கிட்டாரை அதில் செருகி ஹெட்போனில் கேட்டால் பெரிய அம்ப்பும் ஸ்பீக்கரும் வைத்து வாசிப்பது போலவே இருக்கும். மலிவான சிலவற்றில் ஸ்பீக்கரின் சாயல் இருக்காது, தகர டப்பாவுக்குள் வண்டு போட்ட மாதிரி இரைச்சல்தான் வரும். இது அப்படியில்லை, சோதித்துப் பார்த்தேன். பேட்டரியில் ஓடியது இன்னும் நல்லது. லயத்து மின்சாரத்துக்கு ஒழுங்கான எர்த் இருக்காது, வயரில் செருகினால் ஓயாமல் உறுமும். காதை நன்றாக மூடுகிற ஹெட்போன் ஒன்றும் கொடுத்தேன். இதற்கு மேல் ஒரு சத்தமும் வர வழியில்லை என்று நெஞ்சை நிமிர்த்தி அனுப்பினேன்.

ஐந்து நாள் அற்புதமாகப் போனது. பெருமாள் அண்ணன் அவள் கிட்டாரையே விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். அவளும் அவரிடம் சொல்லவில்லை. வாசிக்கிறாள் என்று தெரிந்தால் இல்லாத சத்தமும் அவர் காதில் விழத் தொடங்கிவிடும் என்று ஹாஜியார்தான் வாயைக் கட்டச் சொல்லியிருந்தார். ஆறாம் நாள் புவனா கடைக்குப் போன் செய்தாள்.

"கிட்டார் வேணாம் சார். அம்மா கூப்புட்டது எனக்கு கேக்கல."

அம்மாவுக்குப் பேச்சு வராது. வேண்டும் என்றால் கரண்டியால் அலுமினியக் கோப்பையில் தட்டுவார். காது மூடியிருந்த புவனாவுக்கு அது கேட்கவில்லை. தண்ணீருக்காகத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, தானே எட்டப்போய்க் கட்டிலில் இருந்து சரிந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, கை கன்றிப்போனது. போனில் அவள் அழுவது கேட்டது. இவ்வளவு பெரிய கடையில் இருந்துகொண்டு ஒரு பிள்ளைக்கு ஒழுங்காக ஒரு சாமான் கொடுக்கத் தெரியாதவனா நான் என்று எனக்கும் அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வந்தது.

ஹாஜியார் தன் சொந்த அலுமாரியைத் திறந்தார். உள்ளே ஒரு ஹெட்போன். காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடி இல்லாமல் சல்லடை மாதிரி வலை போட்டது. அதைப் போட்டுக்கொண்டு கேட்டாலும் அறையில் நடப்பதெல்லாம் காதில் விழும். வெளியே கொஞ்சம் கசியும், ஆனால் மெதுவாக வைத்தால் இரண்டு அடி தாண்டாது. அம்ப் பழுது பார்க்கும்போது அவர் மட்டும் போடுவது. முப்பத்தைந்து வருடத்தில் என்னைத் தொடவிட்டதில்லை.

"இது விக்கிறதுக்கு இல்ல. கொண்டு போங்க. ஏலாது எண்டு மட்டும் வந்து சொல்லப்படாது" என்றார்.

நானே வத்தேகம வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வேண்டாம் என்றுதான் நின்றாள். ஹெட்போனை அவள் தலையில் மாட்டி வாசிக்கச் சொன்னேன். பாதிப் பாட்டில் அம்மாவுக்குக் கண் காட்டினேன். அம்மா கரண்டியை எடுத்து ஒரே ஒரு தட்டுத் தட்டினார், மெதுவாகத்தான். புவனா வாசிப்பதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் வாய் ஒரு பக்கம் கோணிச் சிரித்தது.

முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது? இரண்டே நாளில் மறுபடி போன். பெருமாள் அண்ணன் வாசலில் வந்து நின்று, "கிட்டார விட்டுட்டு இப்ப என்னத்த புள்ள இடிக்கிற? நாளைக்கும் இடிச்சின்னா தலைவர்கிட்ட போயிருவேன்" என்றிருக்கிறார். எதை இடித்தாள்? அவளுக்கே தெரியவில்லை. தான் ஒன்றும் இடிக்கவில்லை என்று சத்தியம் செய்தாள்.

கடையில் உட்கார்ந்து யோசித்துப் பயன் இல்லை என்று இந்தத் தடவை எனக்குப் புத்தி வந்திருந்தது. மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அந்த லயத்தில் இருந்தேன். புவனாவை வழக்கம்போல வாசிக்கச் சொல்லிவிட்டு, பெருமாள் அண்ணனின் இஸ்தோப்பில், அதாவது காம்பிராவுக்கு முன்னால் இருக்கிற திறந்த கூடத்தில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல உட்கார்ந்தேன். அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கிட்டார் துளிகூடக் கேட்கவில்லை. ஆனால் டொக், டொக், டொக் என்று ஒன்று சுவருக்குள்ளிருந்து வந்தது. இடைக்கிடை நிற்கும், பிறகு வேகமாக வரும். ஒவ்வொரு தடவையும் உள்ளே கட்டில் முனகியது. கொஞ்ச நேரம் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அசல் நாலு அடித் தாளம்.

எட்டிப் பார்த்தேன். புவனா மர வாங்கில், அதாவது பெஞ்சில், முதுகுப்பக்கம் பொதுச் சுவரில் முட்ட உட்கார்ந்து, குதிகாலால் சிமெந்துத் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். தரையும் வாங்கும் சேர்ந்து சுவரை மத்தளமாக்கியிருந்தன. அவள் காலைத் தொட்டுக் காட்டினேன். தன் காலையே அப்போதுதான் பார்க்கிறவள் போலப் பார்த்தாள்.

கிட்டார்க்காரர்கள் காலை நிறுத்த முடியாது. நிறுத்தினால் கையும் நின்றுவிடும். ஆகவே நான் காலை விட்டுவிட்டுத் தரையைக் கவனித்தேன். பழைய ரப்பர் செருப்பு ஒன்றை வெட்டி வாங்கின் நாலு காலுக்கும் அடியில் வைத்தேன். வாங்கைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளினேன். காலுக்கு அடியில் என்ன போடலாம் என்று தேடியபோது அம்மா கட்டிலுக்குக் கீழே கண்ணைக் காட்டினார். அங்கே அவர் கொழுந்து பறித்த காலத்தில் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு இருந்தது. வாசலில் கிடந்த கயிற்றுப் பாயை இழுத்துப் போட்டு, அதன் மேல் இதை நாலாக மடித்து வைத்தேன். புவனா காலை ஓங்கி மிதித்தாள். நான் ஓடிப்போய் இஸ்தோப்பில் காதை வைத்தேன். உள்ளே பெருமாள் அண்ணனின் குறட்டை மட்டும்தான் கேட்டது. வாழ்க்கையில் அவ்வளவு இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை.

இந்த வேலையில் நான் தேர்ந்தெடுத்த சாமான்களிலேயே சிறந்தது எது என்று கேட்டால், ஒரு சோடி ரப்பர் செருப்பு என்பேன். அந்தத் தொடுதிரையில் அது இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரு புகாரும் இல்லை. தேர்வு சனிக்கிழமை. அதற்கு முந்திய வியாழன் எனக்கு மனம் கேட்கவில்லை, மறுபடி போனேன். மழை இல்லாமல் கொழுந்து குறைந்துபோய், முதல் நாள் இரவு தொழிற்சாலை ஓடவில்லையாம். அதனால் பெருமாள் அண்ணன் பகலில் விழித்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டு கூப்பிட்டு உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்.

"தம்பி, நீங்க அந்த கிட்டார் கடைக்காரர்தானே? அந்தப் புள்ள என்னாலதான் விட்டுருச்சு. என் பொஞ்சாதி தெனம் ஏசுறா. நான் முழிச்சிருக்குற நேரத்துல ஒரு மணித்தியாலம் வாசிச்சிக்கச் சொல்லுங்க. நான் சொன்னா அது கேக்காது."

அவர் இதைச் சொல்லும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் புவனா பதினேழாவது பாட்டில் இருந்தாள். எனக்குத் தேநீர் புரையேறிவிட்டது. சிரிக்கிறேனா இருமுகிறேனா என்று அவருக்கு விளங்கவில்லை, முதுகில் தட்டிக்கொடுத்தார். எழுந்து அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அவள் வாசலில் நிறுத்தினேன். புவனாவின் விரல்கள் கம்பியில் பறந்துகொண்டிருந்தன. படங்கின் மேல் கால் குதித்துக்கொண்டிருந்தது. வாசலுக்கு வந்த சத்தம் கம்பி உரசுகிற சின்னக் கீறல் மட்டும்தான்.

"இம்புட்டு நாளும் வாசிச்சுக்கிட்டா இருந்துச்சு?" என்றார் பெருமாள் அண்ணன்.

புவனா பயந்துபோய் எழுந்தாள். அவருக்குக் கோபம் வரவில்லை. எனக்கும் கேட்க வேண்டும் என்றார். அவள் ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் மாட்டி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, பட்டியலில் இருந்த, துள்ளி ஆட வைக்கிற ஒரு பைலாப் பாட்டை வாசித்தாள். அவர் முகம் விரிந்துகொண்டே போனது. ஹெட்போன் போட்டவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது. நல்லா இருக்கு என்று அவர் போட்ட சத்தத்தில் பத்துக் காம்பிராவில் இருந்தவர்களும் வெளியே வந்துவிட்டார்கள். அந்த மூன்று வாரத்தில் அந்த லயத்தில் பகலில் கேட்ட பெரிய சத்தம் அதுதான்.

சனிக்கிழமை அம்மாவைப் பெருமாள் அண்ணனின் மனைவி பார்த்துக்கொண்டார். பெருமாள் அண்ணன் வெள்ளி இரவு வேலை முடித்து, தலையில் தேயிலைத் தூளோடு, வீட்டுக்கும் போகாமல் கிட்டார்ப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு புவனாவோடு கண்டிக்கு பஸ் ஏறினார். அந்த ஹோட்டலின் அம்ப்களைப் பழுது பார்ப்பது எங்கள் கடை என்பதால் நானும் மண்டபத்தில் இருந்தேன். ஹாஜியார் வரவில்லை. காலையில் இருந்து மூன்று தடவை போன் செய்தார், ஒன்றும் கேட்காமல் மூன்று தடவையும் சும்மா சுகம் விசாரித்தார்.

முதல் சில நாளைத் தவிர, அந்த ஆறு வாரத்தில் புவனா திறந்த ஸ்பீக்கரில் வாசித்ததே இல்லை. குழுத் தலைவர் பெரிய அம்ப்பின் குமிழைத் திருப்பினார். முதல் அடி விழுந்ததும் கண்ணாடிக் கதவுகள் அதிர்ந்தன. அவளே திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டாள். அவள் குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், வெறும் காலைத் தரையில் ஊன்றினாள், மறுபடி தொடங்கினாள்.

என்ன வாசிப்பு அது! ஹெட்போனில் பழகியவர்களுக்கு ஒரு நன்மை உண்டு. தப்பு நேரே காதுக்குள் வந்து விழும், ஒளிக்க இடமில்லை. அவள் ஒவ்வொரு தப்பையும் பிடித்துப் பிடித்து ஐந்து வாரம் துடைத்திருக்கிறாள். அவ்வளவு பெரிய சத்தத்திலும் ஒரு கம்பி வீணாக அதிரவில்லை. ஐந்தாவது பாட்டில் குழுத் தலைவர் கையை உயர்த்தி நிறுத்தினார். எந்த இடத்தில் பயிற்சி செய்தாய் என்று சிங்களத்தில் கேட்டார். வீட்டில் என்றாள். அக்கம்பக்கத்தார் பாவம் என்று அவர் சிரித்தார். மிச்சம் பதினைந்து பாட்டைக் கேட்கவேயில்லை. அடுத்த கிழமை ஒத்திகைக்கு வரச் சொல்லிக் கை கொடுத்தார்.

நான் எத்தனையோ அம்ப் விற்றிருக்கிறேன், எத்தனையோ பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். அன்று மாதிரி ஒரு நாள் எனக்கு இல்லை. ஹாஜியாருக்குப் போன் செய்து, எடுத்துவிட்டார்கள் என்றேன். அந்த ஹெட்போனை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று சொன்னார். காதில் விழாத அளவு மெதுவாகச் சொன்னார்.

பெருமாள் அண்ணனுக்குச் சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். அவர் பெரிய ஸ்பீக்கருக்குப் பத்தடி தள்ளி, கதிரையில் சாய்ந்து, மடியில் காலிப் பையோடு, வாயைத் திறந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஐந்து பாட்டையும் தூக்கத்திலேயே கடந்திருக்கிறார். எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இந்த மனிதருக்காகவா நான் வால்வு, வாட்ஸ், செருப்பு, சாக்கு என்று அலைந்தேன்? தோளைப் பிடித்து உலுக்கப் போனேன்.

புவனா மேடையில் இருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"மாமாவ எழுப்பாதீங்க சார்" என்றாள், கிசுகிசுப்பாக. "ராத்திரி முழுக்க ரோலர்ல நின்னுட்டு வந்திருக்காரு."